போடச் சொல்லித் தருகிறீர்கள், எடுக்க யார் சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் அழகுக் குறிப்புப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். தொழிலும் அதுதான், அழகு நிலையத்தில் முடி வேலை பார்க்கிறேன், அதனால் படிக்காமல் இருக்கவும் முடியாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போடுகிற படத்தைத் திங்கட்கிழமை காலையில் யாராவது போனில் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். ஹேர் எக்ஸ்டென்ஷன் என்கிற ஒட்டுமுடி, முடியை நேராக்கும் கெரட்டின், ஜெல் நகம், ஒட்டு இமை, பெர்ஃப்யூமை அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வது என்று வரிசையாக எழுதிவிட்டீர்கள். படங்கள் அருமை, எழுத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாக் கட்டுரையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது, போட்டு முடித்துக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில். அப்புறம்? அதை எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது, எடுத்தால் அடியில் என்ன இருக்கும், பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. எங்கள் தொழிலில் வருகிற அழுகை, சண்டை, பணத்தைத் திருப்பிக் கொடு என்கிற கூச்சல், இவற்றில் பாதிக்கு மேல் நீங்கள் எழுதாமல் விட்ட அந்த வரியில்தான் இருக்கிறது.

அழகு செய்துகொள்ளாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் பிழைப்பு என்ன ஆவது? போடுகிறவர்கள் முழுக் கதையும் தெரிந்து போடட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் முடி. எக்ஸ்டென்ஷன் என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறீர்கள், அதில் நாலைந்து வகை இருக்கிறது, ஒவ்வொன்றையும் எடுக்கிற விதம் வேறு. கிளிப் வைத்தது பிரச்சினையே இல்லை, பழைய சவுரிதான் அது, ராத்திரி கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். டேப் வகையில் உங்கள் முடியின் மெல்லிய ஒரு கற்றையை நடுவில் வைத்து மேலும் கீழும் பசை நாடாவை அழுத்தி ஒட்டுவார்கள், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கெரட்டின் பசையைச் சூட்டில் உருக்கிச் சின்னச் சின்னக் கற்றையாக ஒட்டுவது இன்னொன்று, இது சில மாதம் இருக்கும். பின்னலாகப் பின்னி அதன்மேல் தைத்துவிடுவது வேறு. எதுவானாலும் ஒட்டிய இடம் ஒட்டிய இடத்திலேயே நிற்காது. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளர்கிறது, அதனால் தலையை ஒட்டி வைத்த முடிச்சு இரண்டு மாதத்தில் இரண்டு விரல் அகலம் கீழே இறங்கித் தொங்கும். அந்தத் தொங்கலின் மொத்த எடையும் அந்த மெல்லிய கற்றையின் வேரில்தான். "நல்லாத்தானே இருக்கு, இன்னும் ஒரு மாசம் போகட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் அந்த எடையோடுதான் தள்ளிப்போடுகிறார்கள்.

எடுக்கிற நாளில் என்ன நடக்கும் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பக்கத்தில் இதைப் பார்த்ததே இல்லை. பசையைக் கரைக்கிற திரவத்தை நாடாவின் ஓரத்தில் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், நாடா தானாக வழுக்கிக்கொண்டு பிரியும், பிரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் விட வேண்டுமே தவிர இழுக்கக் கூடாது. பிரித்தவுடன் கையில் ஒரு கொத்து முடி வரும். அதைப் பார்த்ததும் வாடிக்கையாளர் முகம் வெளுத்துப்போகும், "ஐயோ, என் முடி எல்லாத்தையும் பிடுங்கிட்டீங்களே" என்று சிலர் நாற்காலியிலிருந்து எழுந்தே விடுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு, சாதாரணமாக அது சீப்பிலும் தலையணையிலும் குளியலறையிலும் போய்விடும். நாடாவுக்குள் மாட்டிக்கொண்ட முடி மட்டும் வேரிலிருந்து கழன்ற பிறகும் கீழே விழ வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். எட்டு வாரமாக விழாதது அன்றைக்கு மொத்தமாக வருகிறது. அந்தக் கொத்தில் ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைப் பொட்டு இருந்தால் அநேகமாக அது தானாக உதிர்ந்த முடி. பொட்டு இல்லாமல் நடுவில் அறுந்து கரடுமுரடாக இருந்தால் எடுத்தவர் இழுத்திருக்கிறார், அல்லது பசை தவறு, கேள்வி கேட்க வேண்டியது அப்போதுதான். இன்னொன்று, பசைத் துணுக்கையும் உதிர்ந்த முடியையும் சீவி எடுக்காமல் அப்படியே தலைக்குத் தண்ணீர் விட்டால் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி இறுகிக்கொள்ளும், அதன்பிறகு கத்திரிக்கோல்தான். வீட்டிலேயே எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த நிலையில்தான் வருகிறார்கள்.

வலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போட்ட அன்று ராத்திரி தலை வைத்துப் படுக்க முடியவில்லை என்றால் "இறுக்கமா இருந்தாத்தான் நிக்கும்" என்று சமாதானம் சொல்லி அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. தவறு. வலியும், நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளமும், காதுக்கு மேலே முடி மெலிவதும் இழுவையால் வருகிற முடி உதிர்வின் முதல் அடையாளம். ஆரம்பத்திலேயே கழற்றினால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே இருந்தால் வேர்ப்பை தழும்பாகி மூடிவிடும், அதற்குமேல் எந்த எண்ணெயும் எந்த சீரமும் அங்கே முளைக்க வைக்காது. ஒரு எக்ஸ்டென்ஷனை எடுத்த கையோடு அடுத்ததைப் போடச் சொல்கிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த நெற்றியோரத்தைத்தான். பலருக்கு என் மேல் கோபம் வரும், பரவாயில்லை.

முடியின் தரம் பற்றி உங்கள் கட்டுரை ஒரு பத்தி எழுதியிருந்தது, அதில் பாதி சரி. ரெமி என்பது எல்லா முடியின் செதிலும் வேரிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் இருப்பது, அதனால் சிக்கு விழாது. மலிவான சரக்கில் திசை மாறிக் கலந்திருக்கும், அதை மறைக்க அமிலத்தில் ஊறவைத்து செதிலையே உரித்துவிட்டு மேலே சிலிகோன் பூசிவிடுவார்கள். கடையில் தொட்டுப் பார்த்தால் பட்டுப்போல இருப்பது இந்தப் பூச்சுதான். சில தடவை அலசினதும் பூச்சு போய்விடும், மிச்சம் வைக்கோல். அதனால் "தொட்டுப் பார்த்து வாங்குங்கள்" என்று நீங்கள் எழுதியது போதாது, ஷாம்பு போட்டு அலசிக் காய்ந்த பிறகு தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கடைக்காரர் அதற்குச் சம்மதிக்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது முடியை நேராக்குகிற வேலை. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் "புரதச் சிகிச்சை" என்கிறீர்கள், கேட்க ஏதோ ஊட்டச்சத்து மாதிரி இருக்கிறது. தலைக்கு வெளியே இருக்கிற முடி உயிரில்லாத பொருள், அதற்கு ஊட்ட முடியாது, பூசத்தான் முடியும். பல கெரட்டின் கலவைகளில் உண்மையில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைடு, அல்லது சூடு பட்டால் அதை வெளியே விடுகிற மெத்திலீன் கிளைக்கால். கலவையைத் தடவி, 200 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடான தட்டுக் கம்பியை வைத்து இழுக்கும்போது புகை கிளம்பும், கண் எரியும், தொண்டை கமறும். வாடிக்கையாளருக்கு அது வருடத்தில் சில தடவை, அங்கே வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஒரே நாளில் சில தடவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004லேயே வகைப்படுத்திவிட்டது. அமெரிக்காவில் 2011ல் உணவு மருந்து நிர்வாகமும் தொழிலாளர் பாதுகாப்புத் துறையும் இந்தக் கலவைகளைப் பற்றி எச்சரித்தன, டப்பாவில் "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று அச்சடித்திருந்த சரக்கிலிருந்தும் அது வெளியானதுதான் அதில் வேடிக்கை.

சரி, அது இல்லாத கலவை வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது, அதில் கிளையாக்சாலிக் அமிலம் இருந்தது. இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் மூன்று தடவை முடியை நேராக்கிக்கொண்டார், மூன்று தடவையும் சிறுநீரகம் பாதித்து ஆஸ்பத்திரிக்குப் போனார், தலையில் எரிச்சலும் புண்ணும் இருந்தது. இதை 2024ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள், அதே கலவையை எலிகளின் முதுகில் தடவிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. 2022ல் வெளியான இன்னொரு ஆய்வு முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்தது. முடி நேராக்கும் ரசாயனத்தை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்துகிறவர்களில் 4.05 சதவீதம் என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. இதனால்தான் அது வந்தது என்று நிரூபணமாகிவிட்டதாக நான் சொல்லவில்லை, அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. ஆனால் இதையெல்லாம் ஒரு வரியில்கூடத் தொடாமல் "பளபளக்கும் கூந்தலுக்கு ஒரே நாளில் தீர்வு" என்று தலைப்புப் போடுவது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

முடிச் சாயத்தைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும், ஆனாலும் யாரும் செய்வதில்லை. கருப்பு, அடர் பழுப்பு நிறங்களில் பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாரா-ஃபீனைலீன்டையமின் இருக்கும். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. "பத்து வருஷமா போடறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்லை" என்பதுதான் எப்போதும் கிடைக்கிற பதில். ஒவ்வாமை முதல் தடவைதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பதினோராவது வருடம் வரலாம், வந்தால் காலையில் கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கலாம். பிள்ளைகளுக்குத் திருவிழாவிலும் கடற்கரையிலும் விளையாட்டாக வரைந்து விடுகிற கன்னங்கரேல் தற்காலிக டாட்டூ இருக்கிறதே, அந்தக் கருப்புக்குக் காரணமும் பல இடங்களில் இதே பிபிடிதான், அதுவும் முடிச் சாயத்தில் அனுமதித்த அளவைவிட அதிகமாக. பத்து வயதில் கையில் வரைந்த படம் இரண்டு வாரத்தில் அழிந்துவிடும், உடம்பு கற்றுக்கொண்ட ஒவ்வாமை அழியாது, முப்பது வயதில் முதல் நரைக்குச் சாயம் போடும்போது தெரியும்.

நகத்துக்கு வருகிறேன். ஜெல் நகத்தில் அழகு கெடுவது பூசும்போது இல்லை, உரிக்கும்போதுதான். ஓரம் கொஞ்சம் தூக்கியதும் பஸ்ஸில் உட்கார்ந்து பல்லாலும் நகத்தாலும் பிய்த்து எடுப்பார்கள், ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும். கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கிறது, அடியிலிருந்து நுனிவரை புது நகம் வர ஆறு மாதம் ஆகும், அதுவரை காகிதம் போல மடங்கும் நகத்தோடுதான் இருக்க வேண்டும். மேல் பளபளப்பை லேசாகத் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் தானாக இளகும். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் பெட்டி வந்த பிறகு இன்னொரு தொல்லை: விளக்கு சரியாகப் பொருந்தாமல் ஜெல் பாதி இறுகி, பாதி இறுகாமல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஜெல்லில் இருக்கிற ஹெமா போன்ற அக்ரிலேட் பொருள்களுக்கு ஒவ்வாமை வரும். வந்தால் நகத்தோடு முடிவதில்லை, பல் அடைப்பிலும், சர்க்கரை அளக்க உடம்பில் ஒட்டுகிற கருவியின் பசையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகு சாதனங்களில் தடை செய்திருக்கிறது. இது உங்கள் பேப்பரின் உலகச் செய்திப் பக்கத்தில் வர வேண்டிய செய்தியா அழகுப் பக்கத்தில் வர வேண்டியதா என்ற குழப்பத்தில் இரண்டிலும் வரவில்லை போல.

இமையை நீளமாக்கும் சீரம் பற்றி ஒரே ஒரு விஷயம். அதில் சிலவற்றில் இருக்கும் புரோஸ்டாகிளாண்டின் வகைப் பொருள் கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்திலிருந்து வந்தது. தடவுவதை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ இமை பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்தச் சொட்டு மருந்து சிலருக்குக் கருவிழியின் நிறத்தை அடர்த்தியாக்கியிருக்கிறது, அது திரும்பாமலே போகலாம். வேண்டியது போய்விட்டு வேண்டாதது தங்கிவிடும் இந்தக் கணக்கை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள், நீங்களாவது சொல்லலாம்.

இப்போது வாசனை. இதுதான் நான் அதிகம் எழுத நினைத்தது, ஏனென்றால் மற்றதையாவது கழுவலாம், கழற்றலாம், வெட்டலாம். வாசனையை எப்படி எடுப்பது?

உங்கள் கட்டுரை அடுக்கிப் போடச் சொன்னது, முதலில் வாசனை பாடி வாஷ், அதே வாசனையில் லோஷன், மேலே பெர்ஃப்யூம், முடிக்குத் தனியாக மிஸ்ட். அப்படிப் போட்டால் நாள் முழுக்க நிற்கும் என்பது உண்மைதான், எண்ணெய்ப் பசை இருக்கிற தோலில் வாசனை மெதுவாகத்தான் பறக்கும். ஆனால் போட்டவருக்கே அது அரை மணி நேரத்தில் தெரியாமல் போய்விடும். ஒரே வாசனையை மூக்கு தொடர்ந்து முகர்ந்தால் அதைக் கவனிப்பதையே விட்டுவிடும், அதனால் "போயிடுச்சே" என்று இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவார். லிஃப்டில் கூட வருகிறவருக்குத்தான் தலைவலி. இப்போது நிறைய பெர்ஃப்யூமில் அடியில் நிற்பது செயற்கைக் கஸ்தூரியும் அம்பிராக்சன் மாதிரியான நீடித்து நிற்கும் வாசனைப் பொருள்களும்தான், சில செயற்கைக் கஸ்தூரிகள் சோப்புத் தூளில் போடவே தேர்ந்தெடுத்தவை, துணியை அலசிய பிறகும் நிற்க வேண்டும் என்பதுதான் அவற்றின் வேலை. சட்டையில் பட்டதைச் சாயங்காலம் கழுவி எடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

செயற்கை என்றதும் மோசம் என்று யாரும் நினைக்க வேண்டாம், நான் அந்தக் கட்சி இல்லை. 1868ல் பெர்கின் என்ற ஆங்கில வேதியியலாளர் கூமரின் என்ற வாசனைப் பொருளை ஆய்வகத்தில் செய்துகாட்டினார், 1882ல் ஊபிகான், 1889ல் கெர்லென் என்ற பிரெஞ்சு நிறுவனங்கள் அதைப் பெர்ஃப்யூமில் போட்டன, 1921ல் வந்த ஷனேல் நம்பர் 5 பெர்ஃப்யூம் பெயர் வாங்கியதே ஆல்டிஹைடுகள் என்ற செயற்கை வாசனைப் பொருள்களால்தான். செயற்கைப் பொருள் இல்லாவிட்டால் கஸ்தூரிக்கு இன்னும் மானைக் கொன்றுகொண்டிருப்போம். இன்னும் சொல்லப்போனால் தோலுக்குத் தொல்லை கொடுப்பதில் இயற்கை எண்ணெய்கள் ஒன்றும் சளைத்தவை இல்லை. லாவெண்டரிலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலும் இருக்கிற லினலூல், லிமொனீன் இரண்டும் புதிதாக இருக்கும்போது சாது, காற்றுப் பட்டுப் பட்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்த பிறகுதான் ஒவ்வாமையைக் கிளப்பும். அலமாரியில் பாதி பாட்டிலோடு வருடக்கணக்காக நிற்கிற "நூறு சதவீதம் இயற்கை" எண்ணெயைப் புதுசு என்று நினைத்து மறுபடி தடவுகிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். டப்பாவின் அடியில் மூடி திறந்த ஜாடி மாதிரி ஒரு சின்னப் படமும் அதற்குள் 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று அர்த்தம். அந்தப் படத்தை உங்கள் பக்கத்தில் ஒரு தடவை பெரிதாக அச்சடித்தாலே புண்ணியம்.

பழைய பாணி பெர்ஃப்யூம்களில் போடும், எலுமிச்சை குடும்பத்துப் பழமான பெர்கமாட்டின் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் இருக்கும். கழுத்தில் தெளித்துக்கொண்டு வெயிலில் போனால், வழிந்த கோட்டின் வடிவத்திலேயே பழுப்பாக ஒரு தழும்பு விழும், சொட்டு வழிந்த இடம் சொட்டு மாதிரியே. மறைய மாதக்கணக்காகும். இப்போது நல்ல தயாரிப்பாளர்கள் அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயைத்தான் போடுகிறார்கள், ஆனால் வீட்டில் தானே எண்ணெய் கலந்து வாசனை தயாரிப்பது ஒரு மோகமாகிவிட்டது இல்லையா, அங்கே யார் நீக்குவது? ஆகவே எலுமிச்சை குடும்பத்து எண்ணெய் கலந்ததை வெயில் படுகிற தோலில் தடவாமல் துணியில் தடவிக்கொள்ளுங்கள் என்று எழுதுங்கள்.

வாசனைப் பொருள் ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும், குறிப்பிட்ட பொருளைத் தவிர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தவிர்க்கலாம் என்று டப்பாவைத் திருப்பினால் "பர்ஃபம்" அல்லது "ஃப்ராக்ரன்ஸ்" என்று ஒரே சொல். அதற்குள் ஐம்பது பொருள் இருக்கலாம், நூறும் இருக்கலாம். ஐரோப்பாவில் 2005லிருந்து 26 பொருள்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று வைத்தார்கள், 2023ல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேல் நீட்டிவிட்டார்கள், புதிதாகச் சந்தைக்கு வரும் சரக்குக்கு 2026 ஜூலை கடைசியிலிருந்து அது கட்டாயம். "வாசனையற்றது" என்று எழுதியிருப்பதிலும் ஏமாற வேண்டாம், மூலப்பொருளின் நாற்றத்தை அமுக்க வாசனைப் பொருளே போட்டிருக்கலாம், "வாசனைப் பொருள் சேர்க்காதது" என்பது வேறு. இரண்டையும் உங்கள் கட்டுரை ஒன்றாகவே எழுதியிருந்தது, தயவுசெய்து திருத்திப் போடுங்கள்.

சிவப்பழகு கிரீம் பற்றி நீங்கள் எழுதாததற்கு நன்றி, ஆனால் அதே பக்கத்தின் அடியில் விளம்பரம் வருகிறது. இந்த வகையில் சில டப்பாக்களில் பட்டியலில் சொல்லாமலே ஸ்டீராய்டு கலந்திருக்கும், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் மாதிரி. முதல் இரண்டு வாரம் முகம் அப்படியே பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் முகம் சிவந்து, எரிந்து, பருவும் கட்டியுமாகக் கிளம்பும், பயந்து மறுபடி தடவினால் அடங்கும், அதனால் இந்த கிரீம்தான் மருந்து என்று நம்பிவிடுவார்கள். தோல் மெலிந்து, இரத்தக் குழாய் வெளியே தெரிகிற நிலையில் வருகிற பெண்களிடம் முகத்தில் நான் கையே வைப்பதில்லை, தோல் மருத்துவரிடம் போகச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் திடீரென்று நிறுத்துவதா மெல்ல மெல்லக் குறைப்பதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இன்னொரு கலப்படம் பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையின்படி பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகு சாதனங்களுக்கு 2020 கடைசி என்று வைத்தார்கள், 2023ல் கூடியபோது அந்த அளவையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த எதையும் 2025க்கு மேல் தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று முடிவு செய்தார்கள். இருந்தும் விற்கிறது. டப்பாவில் "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள், பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். தடவுகிறவரோடும் அது நிற்பதில்லை, ஒரே துண்டில் முகம் துடைக்கிற குழந்தைக்கும் போகும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடச் சொன்னீர்கள். சத்துக் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, அது போகட்டும். அதிக அளவில் சாப்பிட்டால் சில இரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற டிரோப்போனின் சோதனையில் அளவைக் குறைத்துக் காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை 2017லும் மறுபடி 2019லும் எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலி என்று போகிறவர் "நான் முடிக்கு மாத்திரை சாப்பிடறேன்" என்று டாக்டரிடம் சொல்வாரா? யாருக்கும் தோன்றாது. பேப்பரில் படித்திருந்தால் தோன்றலாம்.

இதெல்லாம் எழுதினால் விளம்பரம் வராது என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். கட்டுரையில் ஒரு பொருளின் பெயரும், எதிர்ப்பக்கத்தில் அதே பொருளின் அரைப்பக்க விளம்பரமும் வந்ததை நான் மட்டும் கவனிக்கவில்லை, எங்கள் கடையில் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள், சிரித்துக்கொள்கிறார்கள். பணம் வாங்கிப் போட்டது என்றால் மேலே "விளம்பரம்" என்று கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட்டுவிடுங்கள், அதில் தப்பே இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எந்த அழகுக் குறிப்பு போட்டாலும் கீழே ஒரு சின்னக் கட்டம்: எத்தனை நாளில் எடுக்க வேண்டும், எதை வைத்து எடுக்க வேண்டும், வீட்டில் எடுக்கலாமா கூடாதா, யார் போட்டுக்கொள்ளவே கூடாது, எந்த அடையாளம் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். எழுதுகிறவருக்குத் தெரியவில்லை என்றால் அதைப் போடுகிற தொழிலாளியிடமும் ஒரு தோல் மருத்துவரிடமும் கேட்டு எழுதட்டும். எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வோம். அடுத்த வாரம் ஒட்டு இமை பற்றி இரண்டாம் பாகம் என்று அறிவித்திருக்கிறீர்கள், அதிலிருந்தே தொடங்கலாம், அந்தப் பசை பெரும்பாலும் சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் குளூ வகை, கண்ணுக்கு மிக அருகில் இருப்பது. இடம் போதாது என்றால் மூன்று படங்களில் ஒன்றைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
முடி வேலை பார்க்கும் ஒரு வாசகி